மகாலு

‘மஹால்’ என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? மதுரைக்காரரிடம் கேட்டால் திருமலை நாயக்கர் மஹால் என்பார். திருமணத்துக்கு மண்டபம் தேடிக்கொண்டிருப்பவரிடம் கேட்டால் ஏதாவது ஒரு கல்யாண மஹாலின் பெயரைச் சொல்வார். ஆனால் மலேசியாவில் பிறந்து வளர்ந்த தமிழர் ஒருவரிடம் கடைவீதியில் நின்று இச்சொல்லைச் சொல்லிப் பாருங்கள். கையில் எடுத்த பொருளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நடந்துவிடுவார். மலாய் மொழியில் ‘மஹால்’ என்றால் விலை அதிகம் என்று பொருள். நம் வீடுகளில் அது எப்போதோ நம் சொல்லாகிவிட்டது.

இந்த மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள், மொழியைப் பற்றி ஏதாவது எழுது என்றார்கள். மொழி ஆராய்ச்சி செய்யும் அளவுக்கு நான் படித்தவள் இல்லை, கணக்கியல் மாணவி. எனக்கு ஓரளவு தெரிந்தது இந்த ஒரு சொல்தான். அதை என் ஆயாவிடமிருந்து கற்றுக்கொண்டேன். பிறகு அவரிடமிருந்தே அதைப் பிடுங்கியும் விட்டேன். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆயா என் அப்பாவைப் பெற்றவர். கெடாவில் கூலிமுக்கும் பாடாங் செராய்க்கும் இடையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே மணமாகி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடந்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, பிறகு விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதியான பின் எங்களோடு பட்டணத்துக்கு வந்துவிட்டார். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி.

ஆயாவின் வாயில் ‘ஹ’ தங்காது. ‘மகாலு’ என்றுதான் சொல்வார். அதையும் ஒரே மாதிரி சொல்லமாட்டார். பசார் மாலாமில் கெம்போங் மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே ‘மகாலூ...’ என்று இழுத்தால் பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மீன்காரர் ஐம்பது சென் குறைக்கும்வரை அந்த ‘லூ’ முடியாது. ‘மகாலு’ என்று வெட்டிச் சொன்னால் பேச்சு முடிந்தது, அடுத்த கடை. நகைக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ‘மகாலு, மகாலு’ என்று இரண்டு முறை சொல்லிச் சிரித்தால், இது நமக்கு இல்லை, பார்த்துவிட்டுப் போவோம் என்று பொருள். மூன்றையும் நான் நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவர் முந்தானையைப் பிடித்தபடி கேட்டிருக்கிறேன்.

சிறு வயதில் இதைச் சுத்தமான தமிழ்ச் சொல் என்றே நம்பியிருந்தேன். ஒரு கல்யாண மஹாலின் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு, வாடகை அதிகம் என்பதால்தான் இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். பின்னாளில் என் சித்தப்பா திருமணத்துக்கு அப்பா மண்டபம் விசாரித்துவிட்டு வந்தபோது, என் முடிவு அப்படியொன்றும் தவறில்லை என்று தெரிந்தது.

இந்தச் சொல் தோட்டத்து மக்களின் வாயில் எப்படி ஏறியது என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன விளக்கம் எளிமையானது. லயத்தில் எல்லாரும் தமிழ் பேசினார்கள். கோயிலில் தமிழ், பள்ளியில் தமிழ், பெரட்டில் கங்காணியும் தமிழ். ஆனால் மளிகைக் கடை சீனருடையது. தவுக்கேவுக்குத் தமிழ் தெரியாது, நம்மவர்களுக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய். ‘பெராப்பா’ என்று விலை கேட்டு, ‘மஹால்’ என்று முகம் சுளித்து, ‘குராங்’ என்று குறைக்கச் சொல்லி, கடைசியில் ‘ஊத்தாங்’ என்று கடன் எழுதச் சொன்னால் வியாபாரம் முடிந்தது. உள்ளங்கை அளவே உள்ள 555 புத்தகத்தில் தவுக்கே தன் மொழியில் எதையோ எழுதுவார். சம்பள நாளில் அந்தப் பக்கத்தின்மேல் ஒரு கோடு போடுவார். வீட்டில் பேசும் சொற்கள் வேறு, வாங்கும் இடத்தில் பேசும் சொற்கள் வேறு என்றிருந்தது. பிறகு வாங்கும் சொற்களும் வீட்டுக்குள் வந்துவிட்டன.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை தெரிகிறது. மலாய்க்காரர்கள் கடையைக் ‘கெடாய்’ என்கிறார்கள். அது நம் ‘கடை’தான். வணிகத்துக்குப் போடும் முதலை ‘மொடால்’ என்கிறார்கள். அது நம் ‘முதல்’. எப்போதோ கப்பலேறி வணிகம் செய்ய வந்த தமிழர்கள் விட்டுச்சென்ற சொற்கள் அவை. கப்பலைக்கூட அவர்கள் ‘காப்பால்’ என்றே சொல்கிறார்கள். அதே மொழியைப் பேசிக்கொண்டு, பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பால்மரம் வெட்ட வந்தவர்கள் வேறு மாதிரியானவர்கள். கையில் முதல் இல்லாதவர்கள். கடையும் முதலும் கொடுத்த மொழிக்கு, அந்தக் கடைக்கு முன்னால் நின்று சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது. அது மலாயிலிருந்து கிடைத்தது.

2014ஆம் ஆண்டு டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஆயாவை முதன்முறையாகத் தமிழ்நாட்டுக்கு அழைத்துச் சென்றோம். எனக்கு அப்போது பதினொரு வயது. மதுரையில் மீனாட்சியம்மனைத் தரிசித்துவிட்டு, கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருந்த புதுமண்டபத்துக்குப் போனோம். அந்நாளில் அங்கே வரிசையாகத் துணிக்கடைகளும் தையற்கடைகளும் பாத்திரக் கடைகளும் இருந்தன. கற்சிலைகளுக்கு நடுவில் தையல் இயந்திரங்கள் ஓடுவதைப் பார்த்து நான் வாய்பிளந்து நின்றேன். ஆயா ஒரு கடையில் சுங்குடிச் சேலையை விரித்துப் பார்த்து விலை கேட்டார். கடைக்காரத் தம்பி விலையைச் சொன்னார்.

‘அடேயப்பா, மகாலூ...’ என்று ஆயா இழுத்தார்.

‘மஹாலுக்கா போகணும்? தெக்காம போங்கம்மா. நடந்தா தூரம், ஆட்டோல போயிடுங்க’ என்றார் அவர்.

‘இல்ல தம்பி, மகாலா இருக்கே.’

‘ஆமாம்மா, இருக்கு. அஞ்சு மணி வரைக்கும் தெறந்திருக்கும். சாயந்திரமா போனா ஒலியும் ஒளியும் காட்டுவாங்க.’

அப்பாவும் அம்மாவும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைக்காரருக்கு விஷயம் புரிந்ததும் அவரும் சிரித்துவிட்டு விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். ஆயா அந்தச் சேலையை வாங்கினார். மறுநாள் உண்மையாகவே மஹாலுக்கும் போனோம். 1636இல் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கைக்குள் அடங்காத தூண்கள். அரபு மொழியில் இடத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது இந்த மஹால் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நம்முடைய மஹாலுக்கும் அதற்கும் ஒலியைத் தவிர வேறு உறவில்லை. ஆனால் ஆயா அந்தத் தூணில் கை வைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, ‘இது மகாலுதான்’ என்றார். எந்த மகாலு என்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு நான் ஆறாம் ஆண்டு மாணவி. எங்கள் பள்ளியில் அவ்வாண்டு ‘கலப்பில்லாத தமிழ்’ என்று ஓர் இயக்கமே நடந்தது. வகுப்பில் மலாய், ஆங்கிலச் சொல் கலந்து பேசினால் பத்து சென் தண்டம். நான் அதில் மிகுந்த ஈடுபாடு காட்டினேன். பேச்சுப் போட்டியில் தூய தமிழைப் பற்றிப் பேசி முதல் பரிசும் வாங்கினேன். ஆசிரியர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இன்று இந்தக் கட்டுரையைப் பெரும்பாலும் பிற மொழி கலக்காமல் எழுத முடிகிறதென்றால் அந்தப் பத்து சென்களும் ஒரு காரணம். குறை என்னிடம்தான். பள்ளியில் போட வேண்டிய சட்டையை நான் வீட்டிலும் கழற்றவில்லை.

2015ஆம் ஆண்டு தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனோம். அவ்வாண்டு ஏப்ரல் மாதம் 6 விழுக்காடு பொருள் சேவை வரி நடப்புக்கு வந்திருந்தது. எந்தக் கடையில் நுழைந்தாலும் அதைப் பற்றியே பேச்சு. ஆயா ஒரு சேலையின் விலைச்சீட்டைப் பிடித்துக்கொண்டு, விற்பனைப் பெண்ணிடம் வழக்கம்போல் ‘மகாலூ...’ என்று தொடங்கினார். சுற்றிலும் ஆட்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி அவள் அம்மாவோடு அடுத்த வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

‘ஆயா, மகாலு தமிழ் இல்ல. விலை அதிகம்னு சொல்லுங்க’ என்றேன். உரக்கவே சொன்னேன்.

விற்பனைப் பெண் புன்னகைத்தாள். ஆயா என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. ‘அப்படியா கண்ணு’ என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, ‘வெல அதிகம்’ என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண் ‘ஆமாங்க ஆயா’ என்றாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது. இழுக்க இடமில்லாத சொற்கள் அவை. சீட்டில் போட்டிருந்த விலையையே கொடுத்து வாங்கி வந்தோம். வெற்றி பெற்றவளைப் போல நான் காரில் ஏறி அமர்ந்தேன். அதற்குப் பிறகு ஆயா என் காதுபட அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை. கவனிக்க எனக்கு எட்டு ஆண்டுகள் ஆயின.

2023 அக்டோபரில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். மடிக்கணினி இல்லாமல் முதல் வாரத்தையே கடத்த முடியாது என்று தெரிந்துவிட்டது. கல்விக் கடன் கைக்கு வரவில்லை. அப்பாவுக்கு வேலை நாள். ஆயாதான் என்னோடு கடைக்கு வந்தார். சிறிய கடை, பேசினால் குறைக்கக்கூடிய கடை. நான் காட்டிய கணினியின் விலை 2,400 ரிங்கிட். ஆயா அந்த எண்ணைப் பார்த்தார். வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

‘வெல அதிகந்தான் கண்ணு. பரவால்ல, எடுத்துக்க’ என்றார்.

நானும் எடுத்துக்கொண்டேன். சேமித்து வைத்திருந்த பணம் என்றுதான் நினைத்தேன்.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது, பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டிய ஆயாவின் கைகளில் வளையல்கள் இல்லை. தோட்டம் விற்கப்பட்டபோது கிடைத்த இழப்பீட்டில் வாங்கிய இரண்டு வளையல்கள். குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார். அம்மாவிடம் கேட்டேன். அடகுக்கடையில் இருப்பதாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்.

‘ஆயா ஒரு வார்த்தை மகாலுன்னு சொல்லியிருந்தா நீங்க ரெண்டு பேரும் நாலு கடை ஏறி எறங்கியிருப்பீங்க. எங்கயாவது எரநூறு முன்னூறு கொறஞ்சிருக்கும். உன் முன்னாடிதான் அவங்க அத சொல்றதே இல்லையே.’

‘ஏன்?’ என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

‘நீ படிச்ச பிள்ள. உனக்கு வெக்கமா இருக்கும்னு சொல்லுவாங்க’ என்றார் அம்மா.

அன்றிரவு ஆயா அடுக்களையில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருப்பது என் அறைக்குக் கேட்டது. 2022இல் கோழி கிலோவுக்கு 9 ரிங்கிட் 40 சென் என்று அரசாங்கம் உச்சவரம்பு வைத்ததையும், 2023இல் உள்நாட்டு அரிசிப் பை கடைகளில் கிடைக்காமல் அலைந்ததையும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு ‘மகாலு’ விழுந்தது. இழுத்ததும், வெட்டியதும், இரண்டு முறை சொல்லிச் சிரித்ததும் எல்லாம் இருந்தன. நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். ‘வா கண்ணு, சாப்புடுறியா?’ என்று கேட்டு, ஆயா பேச்சை மாற்றிவிட்டார்.

பள்ளி மாணவர்களுக்காக எங்கள் பேரவை நடத்திய சொற்போட்டிக்குக் கேள்விகள் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அந்தப் பொங்கலுக்குப் பிறகு என் மூளை வேறு எதையும் யோசிக்கவில்லை. முதல் கேள்வியாக, ‘விலை குறைவாக இருப்பதை ஒரே தமிழ்ச் சொல்லில் சொல்லுங்கள்’ என்று வைத்தேன். ‘மலிவு’ என்று அரங்கமே கத்தியது. அடுத்து, ‘விலை அதிகமாக இருப்பதை ஒரே சொல்லில் சொல்லுங்கள்’ என்றேன். அமைதி. ‘விலை அதிகம்’ என்றார் ஒருவர். அது இரண்டு சொல். ‘விலை கூட’. அதுவும் இரண்டு. ‘காஸ்ட்லி’ என்று ஒரு குரல் வந்ததும் சிரிப்பு. ‘கிராக்கி’ என்றார் ஒரு மாணவர். நடுவர் ஆசிரியை யோசித்துவிட்டு, அது பொருளுக்கு இருக்கும் தேவையைச் சொல்லும் சொல், விலையைச் சொல்வது அல்ல என்றார்.

அவர் சொன்னது சரிதான். தக்காளிக்குக் கிராக்கி என்றால் வாங்க வருபவர்கள் கூடிவிட்டார்கள் என்று பொருள். விலை ஏறுவது அதன் விளைவு. சென்னைப் பேச்சில் வாடிக்கையாளரையே கிராக்கி என்பதும் உண்டு. தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களுக்கு விலைவாசிக்கு ஏற்பக் கொடுக்கும் தொகை அகவிலைப்படி. அகவிலை என்றால் தானியத்தின் விலை. முன்பு அதையே பஞ்சப்படி என்றார்கள். பஞ்சம் என்ற சொல்லே சம்பளச் சீட்டில் ஏறியிருக்கிறது. ‘கொள்ளை விலை’, ‘ஆனை விலை குதிரை விலை’ என்று கோபத்தில் சொல்ல நமக்குச் சொற்கள் ஏராளம். ஆனால் ‘மலிவு’க்கு நேர் எதிராக, அன்றாடம் சொல்லிவிட்டு நடக்க ஒரு சொல்லை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதோடு ‘விலையுயர்ந்த’ என்ற சொல்லையும் பாருங்கள். ‘விலையுயர்ந்த கடிகாரம்’ என்றால் அதில் ஒரு பெருமை இருக்கிறது. ‘விலை அதிகமான கடிகாரம்’ என்றால் குறை. முன்னது வாங்கியவர் சொல்வது, பின்னது வாங்காதவர் சொல்வது.

‘மலிவு’ என்ற சொல்லை நான் அதுவரை பிரித்துப் பார்த்ததில்லை. ‘மலிதல்’ என்றால் நிறைதல், மிகுதல். ஊழல் மலிந்துவிட்டது என்று நாளிதழ்கள் எழுதுவது அந்தப் பொருளில்தான். பொருள் நிறையக் கிடைத்தால் விலை இறங்கும். எனவே நிறைவைச் சொன்ன சொல் விலைக் குறைவையும் சொல்லத் தொடங்கியது. இதன் மறுபக்கத்தில் ‘அருமை’ இருக்கிறது. கிடைப்பதற்கு அரிதானது அருமை. ஆனால் நாம் அதை விலைக்குச் சொல்வதில்லை. ‘அருமைப் பேத்தி’ என்று மனிதர்களுக்குச் சொல்கிறோம். மலாயிலும் ஏறக்குறைய இதே நிலைதான். ‘மஹால்’ என்றால் விலை அதிகம் என்பதோடு, கிடைப்பது அரிது என்ற பொருளும் உண்டு. ஒருவர் வேண்டுமென்றே பிகு செய்துகொண்டால் ‘ஜுவால் மஹால்’, அதாவது அதிக விலைக்கு விற்கிறார் என்பார்கள். விலை மலிவுக்கு ‘மூரா’. தாராள மனமுள்ளவரை ‘மூரா ஹாத்தி’ என்பார்கள். மலிவான மனம் என்று நாம் மொழிபெயர்த்தால் வசைச்சொல்லாகிவிடும்.

என் விடுதி அறைக்கு அடுத்த அறையில் பிலிப்பீன்ஸ் நாட்டிலிருந்து பரிமாற்றத் திட்டத்தில் வந்த மாணவி ஒருத்தி இருந்தாள். தினமும் இரவு தாயாரோடு தொலைபேசியில் பேசுவாள். பேச்சின் முடிவில் ஒவ்வொரு நாளும் ‘மஹால்’ என்று ஏதோ சொல்வாள். பாவம், இங்கே விலைவாசி அதிகம் என்று அம்மாவிடம் புலம்புகிறாள் என நினைத்தேன். 5 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் ரஹ்மா உணவு எங்கே கிடைக்கும் என்று அவளுக்கு வழிகூடச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தகலாகு மொழியிலும் மஹால் என்றால் விலை அதிகம்தானாம். ஆனால் ‘மஹால் கித்தா’ என்றால் உன்னை நேசிக்கிறேன் என்று பொருளாம். மலாய் தெரிந்த காதுக்கு அது ‘நாம் விலை அதிகமானவர்கள்’ என்று கேட்கிறது.

இதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆயா மீனைப் பார்த்து மகாலு என்று சொன்னபோது அதில் காதல் எதுவும் இல்லை. ஐம்பது சென் குறைக்க வேண்டும் என்ற எண்ணம்தான் இருந்தது. ஆனால் ஒன்றை மட்டும் அன்று புரிந்துகொண்டேன். ‘விலை அதிகம்’ என்பது பொருளைப் பற்றிய செய்தி. அது யாருக்கும் பொது. நாளிதழில் வரும் விலையேற்றம், வாழ்க்கைச் செலவினம் என்ற சொற்களைப் போல. ‘மகாலு’ அப்படியில்லை. அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவர் கையில் எவ்வளவு இருக்கிறது, வீட்டில் எத்தனை பேர், சம்பள நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்தச் சொல் வருகிறது. வேண்டாம் என்று வெட்கப்படாமல் சொல்வதற்கும், இன்னும் கொஞ்சம் குறை என்று கேட்பதற்கும் ஆயாவிடம் இருந்த ஒரே கருவி அது. நான் அதை வாங்கி வைத்துக்கொண்டு, பேரம் பேச உதவாத இரண்டு நல்ல தமிழ்ச் சொற்களைக் கொடுத்தேன்.

நண்பர்களே, தூய தமிழ் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. மேடையிலும் ஏட்டிலும் நாம் முயன்றால்தான் அது நிற்கும். மகாலுக்கு ஈடான ஒரு தமிழ்ச் சொல்லை யாராவது ஆக்கித் தந்தால் முதலில் பயன்படுத்துபவள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் வீட்டில் பெரியவர்களின் பேச்சைத் திருத்துவதற்கு முன், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லைத் திருத்தினால் சொல் மட்டும் போவதில்லை. நம்மோடு பேசும்போது அவர்கள் அளந்து பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

2024 ஏப்ரலில் அடகுத் தவணை முடிய இருந்தது. நம் நாட்டில் அடகுக்கடைக்குச் சட்டப்படி மாதம் 2 விழுக்காடு வட்டி, ஆறு மாதத் தவணை. ஆயா வாங்கியிருந்தது 1,500 ரிங்கிட். மாதம் 30 வீதம் ஆறு மாதத்துக்கு 180. கணக்கியல் மாணவிக்கு இது கடினமான கணக்கு அல்ல. மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தோடு அப்பாவும் கொஞ்சம் போட்டார். நானும் ஆயாவும் போனோம்.

கம்பிக்குப் பின்னால் அமர்ந்திருந்த சீனப் பெரியவர் சீட்டைப் பார்த்து, கணிப்பானைத் தட்டி, எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். 1,680.

ஆயா அந்த எண்ணைப் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘மகாலூ லா, தவுக்கே!’

பெரியவர் சிரித்துவிட்டார். இது சட்டம் போட்ட வட்டி, என்னால் குறைக்க முடியாது பாட்டி என்று மலாயில் சொன்னார். ஒரு ரிங்கிட்டும் குறையவில்லை. ஆயாவும் சிரித்தார். வளையல்களைக் கையில் ஏற்றிக்கொண்டார். பிறகுதான் பக்கத்தில் நான் நிற்பது நினைவுக்கு வந்ததுபோல் என் பக்கம் திரும்பினார்.

‘வெல அதிகம்’ என்றார், திருத்தமாக.

‘மகாலுதான் ஆயா’ என்றேன்.